பற்ற வைத்தேனா?

அன்பு மகளுக்கு,

பதறாமல் படி. நேற்று மாலை வாசலில் பட்டாசு வெடிக்க, வாளித் தண்ணீர், நீளக் குச்சி, பருத்திச் சட்டை என எல்லாம் முறைப்படி வைத்திருந்தேன். ஒரு புஸ்வாணம் மட்டும் சீறவில்லை. பற்ற வைத்தேனா என்றே எனக்குச் சந்தேகம் வந்து, குனிந்து பார்த்தேன்.

"ஏங்க, கிட்ட போகாதீங்க! உங்க சந்தேகத்துக்கு ஒரு அளவே இல்லையா?" என்று அம்மா கத்தியதும் அது வெடித்ததும் ஒன்றாகக் கேட்டன.

வலது கண்ணில் கட்டு. இடது கண் முன்பே மங்கல், அதனால்தான் வரிகள் கோணுகின்றன.

நாளை கட்டைப் பிரிப்பார்கள். "முதல்ல பேத்தி முகத்தைத்தான் பாப்பீங்க," என்கிறாள் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தையை நாளை மறுநாள் அழைத்து வா. ஒருவேளை தெரியாமலே போனால், தெரிவதுபோல் சிரிக்கப் பழக எனக்கு ஒரு நாளாவது வேண்டும்.

உன் அப்பா