பாவு முடிந்ததும் வீடு விற்பனைக்கு

அன்பு மகன் பார்த்திபனுக்கு, சேவூரிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தறியும் சௌக்கியம். நீயும் மருமகள் தேவிப்ரியாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டுவிட்டுத்தான் உன்னைத் திட்ட உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறாய், நான் நடுவில் அழுதுவிடுகிறேன், நீ ஜெயித்துவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது.

முதலில் நீ அனுப்பிய வீடியோ. மான்செஸ்டரில் நீ வாங்கப் போகும் ஃபிளாட் ஒரு காலத்தில் நூல் மில்லாம். மில்லை மூடி, ஆட்களை அனுப்பிவிட்டு, அதையே வீடு வீடாகத் தடுத்து விற்கிறார்களாம். இரும்புத் தூணையும் கூரையில் தொங்கும் பழைய சக்கரத்தையும் காட்டி, இதெல்லாம் இருப்பதால்தான் அந்த ஏரியாவுக்கே தனி அழகு, விலையும் ஏறிக்கொண்டே போகிறது, இப்போது விட்டால் கிடைக்காது என்று வாய் ஓயாமல் சொன்னாய். சரி, பிள்ளை ஆசைப்படுகிறான் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு முன்பணம் கட்ட இந்த வீட்டை விற்க வேண்டும் என்றாயே, யோசித்துச் சொல்கிறோம் என்றுதானே சொன்னோம்? விற்றுக்கொள் என்றா சொன்னோம்?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, அப்பா பட்டு வாங்க ஆரணிக்குப் போயிருந்தார், நான் தறியில் இருந்தேன். வாசலில் டிராக்டர் வந்து மணலைக் கொட்டுகிறது. பின்னாலேயே வீட்டுப் புரோக்கர் தனசேகரன், கூட ஒரு கொத்தனார். என்னவென்று கேட்டால், "உங்க புள்ள போன்ல சொல்லிட்டாருக்கா, தறிக்குழிய மூடிட்டு டைல்ஸ் போட்டுடச் சொல்லி. குழி இருந்தா பார்ட்டிங்க எட்டிப் பாத்துட்டு ஓடிடுறாங்க, இப்ப இந்தத் தெருவே மாறிகினு வருது, ரேட்டு ஜாஸ்தி வரும்" என்கிறான். தெரு மாறுகிறதுதான். எதிர்வீட்டை இடித்து மாடி கட்டியவர்கள் தறிச் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று ஜன்னலைப் படாரென்று சாத்துகிறார்கள். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்தால் கார் எடுக்க வழியில்லை என்று ஹாரன் அடிக்கிறார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள், தெரியாமல் செய்கிறார்கள். நீ யார்? தறியில் பாதிச் சேலை நிற்கிறது, உன் அம்மாவின் கால் குழிக்குள் இருக்கிறது, அந்தக் குழியை மூட அங்கிருந்தே ஆள் அனுப்புகிறாய். ஓடாத மில்லின் சக்கரம் உனக்கு அழகு, ஓடுகிற தறியின் குழி அசிங்கமா? வெட்கமாக இல்லை? "கொட்றதுன்னா என் கால் மேலயே கொட்டு" என்று சொல்லிவிட்டு மிதியை மிதித்து நெய்ய ஆரம்பித்தேன். "பேஜார் பண்ணாதீங்கக்கா" என்று தனசேகரன் கெஞ்சிக்கொண்டே நின்றான். கொத்தனார் சட்டியை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அதற்குள் அப்பா வந்தார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும், யாரையும் கடிந்து பேச மாட்டார். "பாவு ஓடிகினு இருக்குதுப்பா. ஓடுற பாவ அறுத்துட்டு தறிய எடுக்கறது எங்க வழக்கத்துல இல்ல. முடிஞ்ச அன்னைக்கு வா, குழியையும் மூடிக்க, வீட்டையும் வித்துக்குடு" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "முடிஞ்சாதான?" என்றார். கோபத்தில் அதுவரை என் புத்திக்கு எட்டவில்லை. பாவு தீரப் போகும்போது புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு பிணைத்துவிட்டுத்தான் நாம் மேலே நெய்வோம், தறி வெறுமையாக நிற்காது. நீ மறந்திருந்தாலும் மறந்திருப்பாய். தனசேகரனுக்கு இது தெரியாது. வாரா வாரம் போன் செய்து, "பாவு முடிஞ்சிதாக்கா?" என்று மரியாதையாகக் கேட்கிறான்.

நீ வீடு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் சம்பளத்துக்குள் சின்னதாக வாங்குங்கள். பழைய கட்டடம், சுவரில் ஓதம் இருக்கிறதா என்று மழை நாளில் போய்ப் பார். குளிரில் தேவிப்ரியாவை வெறுந்தரையில் நடக்க விடாதே. இரண்டு பேரும் குறையில்லாமல் நன்றாக இருங்கள். வாசலில் கிடக்கும் மணலை வந்து அள்ளிக்கொள்ளும்படி தனசேகரனுக்கு நீயே சொல்லிவிடு, மறக்காதே. நேற்று புதுப்பாவு வந்தது. நானும் அப்பாவும் உட்கார்ந்து பிணைத்து முடித்துவிட்டோம்.

இப்படிக்கு,
குழிக்குள் கால் வைத்தபடியே,
உன் அம்மா
சூர்யகலா