அசிடிக் அமிலம் தீர்ந்த வாரம்

1 செப்டம்பர் 1998, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஔந்து அறையிலிருந்து லேபுக்குச் சைக்கிளில் வந்து பாதி நனைந்தாயிற்று. புரதத்தில் கதிரியக்கப் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புப் பட்டை விழ வேண்டும். ஃபிலிம் இன்றும் வெறுமை. ஆறாவது தடவை.

கைடு சார் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சனிக்கிழமைக்குள் ஒரு கறுப்புப் பட்டையாவது தெரியாவிட்டால் தலைப்பை மாற்றிவிடலாம் என்றார், இந்தியில், மெதுவாக. மாற்றுத் தலைப்பும் தயார்: சலவைத்தூளுக்கு நொதி. என் பத்து மாதம் குப்பைக்கு.

விடமாட்டேன். பாக்டீரியா சர்க்கரையைச் சும்மா உள்ளே விடாது. வாசலிலேயே ஒரு பாஸ்பேட்டை ஒட்டித்தான் விடும். ஒட்டியபின் அது வெளியே தப்ப முடியாது. அந்தப் பாஸ்பேட் புரதம் புரதமாகக் கைமாறி வருவது. சர்க்கரை இல்லையென்றால் புரதங்களிலேயே தங்கிவிடும். அதை வைத்துத்தான் வேறு தீனி தேடலாமா என்று செல் முடிவெடுக்கிறது. மூளை கிடையாது, ஆனால் எவ்வளவு சாமர்த்தியம். என் மண் பாக்டீரியாவிலும் இது உண்டு என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை: தயிர், குடை, பிளேடு.

2, புதன்

மழை. புரதங்களைப் பிரிக்கும் ஜெல் ஓட்டியாயிற்று. கதிரியக்கப் பாஸ்பேட் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம்.

ஓடி முடித்த ஜெல்லை அசிடிக் அமிலத்தில் அரைமணி ஊறவைப்பது வழக்கம். பல் தேய்ப்பது போல. எங்கள் லேபில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பாட்டில் காலி. பக்கத்து மேசை சாந்தி நேற்றே தீர்த்துவிட்டாளாம். இங்கே கட்கியில் பிறந்து வளர்ந்தவள், இந்தி கலந்த அவள் தமிழே தனி.

"ஸ்டோர்வாலா கண்பதி பண்டிகை லீவுல போயிட்டான்டி. சோம்வார்தான் வருவான். நீ அப்படியே பிளாஸ்டிக்ல சுத்தி வை, தேக்லேங்கே, என்ன ஆகுதுன்னு பாப்போம்."

திங்கள் வரை அமிலம் கிடையாது. எரிச்சல். ஈர ஜெல்லை அப்படியே சுற்றி, ஃபிலிமோடு ஃப்ரீசரில் வைத்தேன். அவளோடு சாய் குடிக்கக்கூடப் போகவில்லை.

3, வியாழன்

வெயில். காலை பத்து மணி, இருட்டறை, சிவப்பு பல்பு. ஃபிலிமை டெவலப்பரில் போட்டேன். பட்டை. கறுப்பாக, தடிமனாக, இருக்க வேண்டிய இடத்தில்.

அழுக்காக இருக்கும் என்று ஐந்து நிமிடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. இந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டுவது ஹிஸ்டிடின் என்ற கண்ணியில். அந்த ஒட்டு அமிலத்தில் நிற்காது. புத்தகத்தில் அந்த வரிக்கு நானே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஆறு தடவையும் பட்டை இருந்திருக்கிறது. ஆறு தடவையும் நானே கழுவி விட்டிருக்கிறேன்.

சாந்தியிடம் சொன்னேன். "பாகலாடி நீ? பத்து மாசமா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான். இன்று இரண்டு சாய், ஒரு வடா பாவ்.

சார் ஒரே வார்த்தை: "ரிபீட்."

4, வெள்ளி

கடைசிச் சொட்டுப் பாஸ்பேட்டும் போட்டாயிற்று. இது கெட்டால் சலவைத்தூள்.

ஒரே ஜெல், நடுவில் வெட்டி இரண்டு பாதி. இரண்டிலும் புரதம் ஓடும் தடம் இரண்டு: சர்க்கரை இல்லாதது ஒன்று, குளுக்கோஸ் சேர்த்தது ஒன்று. ஒரு பாதி நேராக ஃப்ரீசருக்கு. இன்னொன்றுக்கு அமிலம் வேண்டுமே? சாந்தி கடைக்கு ஓடி வினிகர் வாங்கி வந்தாள். அதுவும் அசிடிக் அமிலம்தானே. சைனீஸ் வண்டி போடப்போகிறாயா என்று கடைக்காரர் கேட்டாராம்.

கிளம்பும் முன் ஃப்ரீசர் கதவை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

5, சனி

விசர்ஜன், பிள்ளையாரைக் கரைக்கும் நாள். தெருவெல்லாம் டோல் மேளச் சத்தம்.

வினிகர்ப் பாதி: இரண்டு தடமும் வெறுமை.

மற்ற பாதி: சர்க்கரை இல்லாத தடத்தில் கறுப்புப் பட்டை. குளுக்கோஸ் தடத்தில் பட்டை இல்லை. புரதம் பாஸ்பேட்டைச் சர்க்கரைக்குக் கொடுத்துவிட்டது. என் பாக்டீரியா. கத்த வேண்டும் போல இருந்தது. இருட்டறையில் மெல்லக் கத்தியும் விட்டேன்.

சார் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைப்பு மாற்றும் பேச்சே இல்லை. எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே பழைய ஃபிலிம்கள், பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் வெறுமை. அவர் பிஎச்.டி.யில் கைவிட்ட பாதி. இதே போன்ற புரதம்.

"இவற்றையும் அமிலத்தில்தான் ஊறவைத்தேன்," என்றார், இந்தியில். "அப்புறம் உங்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்."

திங்கள் எட்டு மணிக்கு வரச் சொன்னார். ஜெல் இரண்டு ஊற்ற வேண்டுமாம். ஒன்று அவருக்கு, அந்தப் பழைய புரதத்துக்கு.