கழிவுக் குளம் சிவந்தபோது

நண்பா,

நேற்று ஜாசினுக்குப் போகும் பேருந்துக்குள் ரப்பர் ஆலைக் கழிவின் நாற்றம் நுழைந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன். நீ கண்மூடி மூன்று மாதம் ஆகிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. காட்டுக்குள் ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகள், தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. ஆலைக் கால்வாயைக் கழுவிவிடுவது உன் வேலை. நான் தோட்டப் பள்ளிக்குப் புது வாத்தியார். ஒரு காலையில் ஆலைக்குப் பின்னாலிருந்த கழிவுக் குளம் நாவற்பழச் சாறு கொட்டியதுபோல் சிவந்து கிடந்தது. காட்டில் இருப்பவர்களுக்காக நீதான் விஷம் கலந்தாய் என்று பேச்சு கிளம்பியது. தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி, போலீசுக்கு அனுப்பக் கடிதமே எழுதிவிட்டார். பிடித்துக்கொண்டு போனால் விசாரணை கிடையாது. நாடு கடத்தினாலும் கடத்துவார்கள். உன் மகள் பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

ஓடிவந்த நானும், "உண்மையச் சொல்லு, எதையாச்சும் கலந்தியா?" என்றுதான் கேட்டேன்.

நீ துடைப்பத்தை ஊன்றி நின்றாய். "தெனம் இந்தக் கொளத்தப் பாக்குறவன் நான். என்ன பாத்தேன்னு ஒருத்தரும் கேக்கல லா, வாத்தியாரே. கொட்டாய் நெழல்ல தண்ணி சிவக்கல. வெயில் விழுற எடந்தான் சிவக்குது."

பள்ளியில் ஒரு செடியை வெயிலிலும் ஒன்றை இருட்டிலும் வைத்துக் காட்டுவேன். அதையே செய்தோம். கிராணியின் கண்ணெதிரே கால்வாய்த் தண்ணீரில் குளத்துச் சேற்றைக் கலக்கி, இரண்டு போத்தல்களில் வாய்வரை நிரப்பி, தக்கை அடைத்து அரக்கு வைத்தோம். ஒன்று அலுவலக ஜன்னலில். மற்றது அவர் மேசை இழுப்பறையில், சாவி அவரிடம்.

"என்னய்யா இது, ஊறுகாயா?" என்றார். ஆனாலும் கடிதத்தை நிறுத்திவைத்தார்.

பத்தாம் நாள் ஜன்னல் போத்தல் சிவந்திருந்தது. இழுப்பறையில் இருந்தது பழைய சாம்பல் நிறமே. கிராணி கடிதத்தைக் கிழித்தார்.

"ஐயா, புடிக்கணும்னா சூரியனத்தான் புடிக்கணும்" என்றாய். அவரும் சிரித்துவிட்டார்.

பல வருடம் கழித்துத்தான் காரணத்தைப் படித்து வந்து உன்னிடம் சொன்னேன். தண்ணீரைச் சிவக்கவைத்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மேலே மிதக்கும் பச்சைப்பாசி முதல் பந்தியில் உட்கார்ந்து தனக்கு வேண்டிய ஒளியை எடுத்துக்கொள்ளும். காற்றில்லாத அடித்தண்ணீரில் இவை கடைசிப் பந்தி. பாசி தொடாமல் விட்ட ஒளியை, நம் கண்ணுக்கே எட்டாத, சிவப்புக்கும் அப்பாலுள்ள ஒளியைக்கூட, தங்கள் நிறமிகளால் பிடித்து வாழ்கின்றன.

"மிச்சம் மீதியிலயா இவ்ளோ நெறம்!" என்றாய்.

தோட்டம் முழுக்க எனக்குத்தான் பெயர் வந்தது. ஆனால் பார்த்தவன் நீ. அதன்பிறகு என் வகுப்பில் கண்ணாடி உடைந்தது, புத்தகம் காணோம் என்று யாரை இழுத்துவந்து நிறுத்தினாலும், "நீயா செய்தாய்?" என்று நான் கேட்டதில்லை. "நீ என்ன பார்த்தாய்?" என்றுதான் தொடங்குவேன்.