வருஷப் புளி

வியாழன், இரவு.

ரைபிள் கிளப்பில் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளை, மறுபடி மருந்து நிரப்ப வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுகிறார் இவர். அந்தக் கரியில் ஈயம் இருக்கிறது, கையுறை போடுங்கள், தனி வாளி வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. இன்று வேலை விட்டு வந்தால், அரிசி களையும் சட்டியில் போட்டு வெறுங்கையால் புளி தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

“பித்தளைக்குப் புளிதான? நீ குத்துவிளக்கு வெளக்கலையா?”

சட்டியைக் குப்பையில் போட்டேன். சோப்பால் கை கழுவ வைத்த பிறகுதான் குழம்பே வைத்தேன்.

படுக்கும்போது சொல்கிறார்: “மிஞ்சுன புளிய வீணாக்கல. அம்புட்டையும் பானையிலயே திரும்ப அமுக்கி வச்சுட்டேன்.”

“கை கழுவிட்டா வச்சீங்க?”

“நீதான் அதுக்கப்புறம் கழுவச் சொன்ன.”

எழுமலையிலிருந்து அம்மா கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அனுப்பிய வருஷப் புளி. இன்றைக்குக் குழம்புக்கும் அந்தப் பானையிலிருந்து எடுத்துத்தான் கரைத்தேன். பாப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.