மலையை வெட்டிய படம்

என் கௌரிக் குட்டிக்கு,

செத்துப்போனவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்றைக்கும் விழிஞ்ஞத்தில் காரை விட்டு இறங்கினால் முதலில் காதில் விழுவது உன்னைப் பற்றிய பேச்சுதான். அந்தக் கடலைப் பத்து வருடமாக அளந்துகொண்டிருப்பவள் நான். நீ வந்து போனதோ ஒன்றரை வருடம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆராய்ச்சிக் கட்டுரையை இதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 'நம்' என்று எழுதக் கை கூசுகிறது. நீ இருந்தவரை 'என் கட்டுரை' என்றுதானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்? கட்டுரை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை திருத்திக்கொள்ளலாம், திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று மெயில் வந்திருக்கிறது. நான் கொடுத்திருந்த பட்டியலில் உன் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்தப் புகைச்சல் நேற்று ஆரம்பித்ததில்லை. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் பயாலஜி ரெக்கார்டில் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டை வரைந்து கொடுத்தவள், ஏழாம் வகுப்புக்காரி நீ. டீச்சர் அதை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். பாகங்களின் பெயரையெல்லாம் எழுதியது நான். அதை யார் பார்த்தார்கள்? "படிப்பு அவளுக்கு, கை நோக்குன்னு பகவான் பிரிச்சுக் குடுத்துட்டான்" என்று அம்மா உன்னிடம் சொன்னாள். பிரித்ததில் எனக்குத்தான் குறைந்துபோயிற்று என்று அன்றையிலிருந்து ஒரு நினைப்பு.

வேடிக்கை என்னவென்றால், உன்னை அந்தக் கடற்கரைக்குக் கூப்பிட்டதே நான்தான். கடலடியில் கிடக்கும் பாறைமேட்டை மீன்பிடிக்கிறவர்கள் 'பார்' என்பார்கள். அங்கேதான் மீன் கூடும். நான் படகில் ஆழம் பார்க்கும் கருவியை வைத்து அளந்து, வரைபடம் போட்டு, கூட்டம் கூட்டி, புரொஜெக்டரில் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். டீயும் பருப்புவடையும் சாப்பிட்டார்கள். போய்விட்டார்கள். தங்கையிடம் சொல்லி நாலு படம் போட்டு வாங்கினால் இவர்களுக்குப் புரியும் என்று கணக்குப் போட்டேன். கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு கம்பெனியில் செல்போன் செயலிகளுக்குச் சின்னச் சின்னப் படம் வரைந்து சலித்துப்போயிருந்த நீ, உடனே சரி என்றாய்.

ஆனால் நீ ஒரு படமும் போட்டுக் கொடுக்கவில்லை. வலை பின்னும் கொட்டகையில் பத்து முழக் காடாத்துணியை விரித்தாய். குறுக்கே கரையை மட்டும் ஒரு கோடாக இழுத்துவிட்டு, கரியையும் வண்ணக்கட்டிகளையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சப்பணம் கட்டி உட்கார்ந்துகொண்டாய். ஒரே ஒரு சட்டம் வைத்தாய். யார் போட்ட கோட்டையும் யாரும் அழிக்கக் கூடாது. ஒத்துவராவிட்டால் பக்கத்திலேயே வேறு நிறத்தில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தவர்கள் மத்தியானம் வரை அந்தத் துணியின் மேல் குந்தியிருந்து சண்டை போட்டார்கள்.

"இது ஆராய்ச்சியா, அங்கன்வாடியா?" என்று உன்னை ஓரமாக இழுத்துக் கோபமாகக் கேட்டேன்.

"தேஷ்யப்படாதே, அக்கா. நீ சொன்னா அவா தலையாட்டறா. வரையச் சொன்னா சண்டை போடறா. நோக்கு எது வேணும், சொல்லு."

அந்த மாதிரி ஒரு கேள்வி எனக்கு ஏன் பத்து வருடத்தில் தோன்றவில்லை?

மரியதாஸைப் பற்றிப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தூத்தூரில் பிறந்து, விழிஞ்ஞத்தில் பெண்ணெடுத்து, நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். என்னை இன்றுவரை மேடம் என்கிறார். உன்னை முதல் நாளே, பெற்ற மகளைப் போல, மோளே என்றார். மீன் தொடாத வீட்டுப் பெண்ணாயிற்றே என்று அவர் மனைவி உனக்காகத் தனியாகக் கப்பைக்கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலோடு கொண்டுவருவாள். நானும் அதே வீட்டுப் பெண்தான். எனக்கு டீ மட்டும் வந்தது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். நாலைந்து ஞாயிறு போனதும் துணி நிறைந்துவிட்டது. கீழே கடல், பார், மீன். மேல்விளிம்பு முழுக்க மலைகள், மாதா கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினார், தென்னந்தோப்பு. எனக்கு அது அலங்காரமாகப் பட்டது. உள்ளதைச் சொன்னால், உன்னுடைய அலங்காரமாகப் பட்டது. இவள் கை சும்மா இருக்காதே, எதையாவது அழகுபடுத்திப் பெயர் வாங்கப் பார்ப்பாளே என்று நினைத்தேன். துணியைப் படமெடுத்து என் சுவரொட்டியில் போட்டபோது மேற்பகுதியை ஒட்ட வெட்டிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சுவரொட்டியைக் கொட்டகையில் ஒட்டினேன். மரியதாஸ் கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"மேடம், மலைய எல்லாம் வெட்டிட்டியளே! மலை இல்லாம பாருக்கு எப்பிடிப் போவ?"

கடலில் படகை நிறுத்திக் கரையைப் பார்த்தால் ஒரு மலைமுனை கோபுரத்துக்கு நேரே வரும். இன்னொரு பக்கம் மினார் ஒரு தென்னந்தோப்புக்கு நேரே வரும். இரண்டும் சேர்ந்து வருகிற இடத்துக்கு அடியில் பார் இருக்கும். இதற்கு அவர்கள் கணிச்சம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மலையும் கோபுரமும்தான் பாருக்கு முகவரி. முகவரியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மலைகளை வரைந்தது நீயே இல்லை, மரியதாஸ்தான். நீ பக்கத்தில் உட்கார்ந்து எந்த மலை எதற்கு நேரே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாய். அவர் கை என்று தெரிந்திருந்தால் நான் வெட்டியிருப்பேனா? ஒரு விஞ்ஞானி என்ன ஏது என்று விசாரிப்பாள். உன் கை என்று நினைத்ததால்தான் கத்திரியை எடுத்தேன்.

வெட்டாத துணியின் மேல் நீயும் அவருமாக மலையையும் கோபுரத்தையும் சேர்த்து நூல் பிடித்துக் கோடு இழுத்தீர்கள். என் வரைபடத்தில் ஒரு பார் இருந்தது, துணியில் இரண்டு. என் படகு அளந்துபோன இரண்டு தடங்களுக்கு நடுவே அந்த இரண்டாவது பார் விட்டுப்போயிருந்தது. மரியதாஸ் காட்டிய இடத்துக்குக் கருவியோடு போனோம். திரையில் அந்த மேடு எழும்பி வந்தபோது படகே கூச்சல் போட்டது. நீ வாந்தியெடுத்துக்கொண்டே சிரித்தாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "கருவி இல்லாவிட்டால் இதை உறுதி செய்திருக்க முடியாது" என்றேன். அந்த நேரத்தில் சொல்லுகிற பேச்சா அது?

கட்டுரையே அந்த இரண்டாவது பார்தான். அதன் கடைசியில், சின்ன எழுத்தில், 'படங்கள் வரைய உதவிய கௌரிக்கு நன்றி' என்று ஒரு வரி போட்டேன். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று அதை நீ போனில் படித்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டைக்கு வந்தால் என்னென்ன சொல்வது என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"மரியதாஸ் சேட்டனோட பேர் எங்கே, அக்கா?" என்றாய்.

அவ்வளவுதான். உனக்காக ஒன்றும் கேட்கவில்லை. உன் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய். பெருந்தன்மையிலும் என்னை முந்த வேண்டுமா நீ? அந்த வாரம் முழுக்க வயிறெரிந்தேன்.

அடுத்த மாதம் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது, எலிப்பனி என்றார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெயரைச் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. எழுந்து உட்காரட்டும், சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நீ எழுந்து உட்காரவே இல்லை.

போன ஞாயிறு மரியதாஸ் கூப்பிட்டு அனுப்பினார். கொட்டகையில் புதுத் துணி விரித்திருந்தார்கள். "கௌரி மோளு இருந்தா..." என்றுதான் ஒவ்வொருவரும் பேச்சை ஆரம்பித்தார்கள். பொறுக்க முடியாமல் நானே கரியை எடுத்தேன். இரண்டு பாருக்கும் நடுவே ஆடி மாத மழைக்கால நீரோட்டத்தை, அவர்கள் ஒழுக்கு என்பதை, போட்டேன். கோழி கிளறியது போல இருந்தது. மரியதாஸ் பச்சையை எடுத்து, என் கோட்டுக்குப் பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஒன்று இழுத்தார்.

"இது தப்பு, மேடம். கர்க்கடகத்தில ஒழுக்கு இங்ஙன திரும்பும்."

உடனே இன்னும் இரண்டு பேர் இல்லை என்று எழுந்தார்கள். பத்து வருடத்தில் அந்தக் கடற்கரையில் ஒருவரும் என்னிடம் 'தப்பு' என்று சொன்னதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கௌரி. இந்தச் சந்தோஷத்தை ஒன்றரை வருடம் ஞாயிறுதோறும் நீ தனியாக அனுபவித்திருக்கிறாயே என்று நினைத்ததும் மறுபடியும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். உன் பெயரை இரண்டாவதாகவும் மரியதாஸின் பெயரை மூன்றாவதாகவும் சேர்த்தேன். முதல் பெயர் என்னுடையதுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் நான் உன் அக்காவே இல்லை.

பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரும் சம்மதம் தர வேண்டுமாம். மரியதாஸ் போனிலேயே தந்துவிட்டார். உன் பெயருக்கு நேரே வேறொரு படிவம் திறந்தது. காலமானவர் என்றால் நெருங்கிய உறவினர் நிரப்ப வேண்டும். 'தம் பெயரைச் சேர்க்க இவர் சம்மதித்திருப்பாரா?' என்று கேட்டிருந்தது. நீ உயிரோடு இருந்தபோது நான் ஒருதரம்கூட உன்னிடம் கேட்காத கேள்வி, கௌரி. இப்போது உனக்குப் பதிலாக நானே விடை எழுத வேண்டியிருக்கிறது. நீ என்ன சொல்லியிருப்பாய்? கூடப் பிறந்தவள், எனக்குத் தெரிய வேண்டாமா?

'ஆம்' என்று எழுதினேன். தப்பென்றால் பக்கத்திலேயே வேறு நிறத்தில் போட நீ இல்லை.

ஞாயிறுதோறும் கொட்டகைக்குப் போவேன், கோணலாகவே வரைவேன், இது சத்தியம். உன்மேல் பொறாமைப்படுவதை நிறுத்துவேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், காலமானவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருக்கிறது. இன்னும் நிரப்பவில்லை. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அக்கா,
சாவித்திரி