கோப்பை அச்சில் பிறந்த விறகு

இன்று காலை கடைக்குப் பின்னால் இருக்கும் நீல டிரம்மின் மூடியைத் தூக்கினேன். குப்பென்று அடித்தது. ஊறிய பேப்பர், வேப்பஞ்சருகு, மல்லாட்டைக் கடலைத் தோல், தேங்காய் நார் எல்லாம் ஒன்றாகப் புளித்த நாற்றம். இட்லிக்குக் காத்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. குனிந்து இன்னும் கொஞ்சம் முகர்ந்து பார்த்தேன். இந்த நாற்றத்தில்தான் நீ இருக்கிறாய் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். "செத்தப்புறம் எனக்குக் கெடச்ச எடம் இதானாடி?" என்று கேட்பாய். என்ன செய்வது, உன் படத்துக்கு முன்னால் ஏற்றுகிற ஊதுபத்தியில் நீ வருவதில்லையே.

நீ போனதிலிருந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மாவு ஆட்டுகிறேன். யாராவது உன்னைப் பற்றிப் பேசி அழுதால் அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருப்பதே தெரியாதே, அப்படி இருக்கிறது.

புகையால்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. உனக்கு நினைவிருக்கும். நம் கடைக்கு மேலே மாடியில் இடத்துக்காரர் குடியிருக்கிறார். நாம் விறகு எரித்தால் புகை நேராக அவர் மொட்டை மாடிக்குப் போகும். ஒருநாள் ஈர வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார்.

"இட்லி விக்கறீங்களா, கருவாடு சுடறீங்களா? கோயிலுக்குக் கட்டற வேட்டிம்மா இது. மோந்து பாருங்க."

நீ உண்மையாகவே வாங்கி முகர்ந்து பார்த்தாய். "கருவாட்டு வாசனலாம் இல்லீங்க. வேணும்னா கொள்ளிக்கட்ட வாசன கொஞ்சம் இருக்குது" என்றாய். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. புகை நிற்காவிட்டால் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். கடைக்குத் தருகிற பெரிய சிலிண்டர் நமக்குக் கட்டுப்படியாகாது. இடத்தை விட்டால் பீங்கான் பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். உனக்குப் புருஷன் இல்லை, எனக்கு இருந்தும் இல்லை. அந்த அடுப்புதான் நம் இரண்டு பேருக்கும் சோறு.

அப்புறம் ஒருநாள் உன் மகள் ஸ்டெல்லாவின் போனில் யாரோ ஒரு வடநாட்டுப் பெண்பிள்ளை வீட்டுக் குப்பையையும் தோட்டத்துச் சருகையும் ஊறவைத்து, பிசைந்து, அமுக்கிக் காயவைத்து அடுப்பெரிப்பதைப் பார்த்துவிட்டு வந்தாய். பாஷை புரியவில்லையாம். "பாஷ எதுக்குடி, கையப் பாத்தா போதாதா?" என்றாய். அவள் வைத்திருந்த இரும்பு அமுக்கி நம்மிடம் இல்லை. நீ யோசிக்கவே இல்லை. நேராகப் பீங்கான் கம்பெனிக்குப் போய், விளிம்பு உடைந்து வெளியே கொட்டியிருந்த கோப்பை அச்சுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாய். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த அச்சுகளில் கோப்பை வார்த்தவள் நீ. பிளாஸ்டர் அச்சு தண்ணீரைத் தானாகக் குடிக்கும், அமுக்கவே வேண்டாம் என்றாய். அப்படியே ஆனது. ஊறிய சக்கையை அச்சின் உள்பக்கம் விரலால் அப்பிவிட்டால், வெயில் ஏறுவதற்குள் அச்சு ஈரத்தை உறிஞ்சிவிடும். கவிழ்த்தால் கோப்பை வடிவத்தில் விறகு விழும். நடுவே குழி இருப்பதால் காற்றும் ஓடும். ஊரில் எல்லாரும் கோப்பையில் டீ குடித்தார்கள், நாம் கோப்பையை எரித்தோம்.

குப்பை சேர்த்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. மங்கலம்பேட்டை பாய் ஒருவர் தன் கடையில் சேருகிற அட்டைப்பெட்டிகளைத் தருவதாகச் சொன்னார். போய் ஏற்றிக்கொண்டு வந்தோம். கிழிக்கும்போது ஒரு பெட்டியில் அரபு எழுத்து. நீ கிழிக்க மாட்டேன் என்றாய். "அவங்க சாமி வார்த்தையா இருந்தா? நம்ம பைபிள யாராவது அடுப்புல போட்டா நான் சும்மா இருப்பேனா?" என்று அந்த ஒரு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறினாய். நானும் கூட வந்தேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகன் துபாயில் இருக்கிறவர் ஆயிற்றே, மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு உன்னைப் பார்த்தார்.

"தாராளமா எரிங்கம்மா. சோப்புத் தூள். வெள்ளத் துணிக்கு ஏத்ததுன்னு போட்டிருக்குது."

அவர் வீட்டில் அன்று நமக்குக் கொடுத்த சேமியாவின் ருசியைப் பற்றிப் பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாய். எங்கேயோ போய்விட்டேன்.

முதல் தடவை வைத்த விறகைச் சொல்ல வந்தேன். சருகும் பேப்பரும் மட்டும் போட்டால் உதிரும் என்று உனக்குப் பயம். மண்ணில் வேலை செய்தவளுக்கு மண்தானே நம்பிக்கை. கம்பெனியிலிருந்து வெள்ளை மண் கேட்டு வாங்கி வந்து கைநிறைய அள்ளி அள்ளிக் கலந்தாய். "கல்லாட்டம் நிக்கும் பாரு" என்றாய். நின்றது. காய்ந்ததும் ஒவ்வொன்றும் கடைத்தெருவில் விற்கிற கோப்பை மாதிரியே இருந்தது. மறுநாள் விடியற்காலை அடுப்பில் அடுக்கிப் பற்றவைத்தோம். சிவந்தது, அழகாகச் சிவந்தது. தீ மட்டும் எழும்பவில்லை. தட்டில் ஊற்றிய மாவு மாவாகவே இருந்தது. சூளையில் வேலை பார்க்கும் ஏகாம்பரம் அண்ணன் ஷிப்டு முடிந்து பசியோடு உட்கார்ந்திருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து இடுக்கியால் ஒன்றை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, ஆறியதும் நகத்தால் தட்டினார். டிங் என்றது.

"இட்லி வேவல தங்கச்சி. கோப்ப நல்லா வெந்துடுச்சு. பளபளன்னு கிளேஸு மட்டும் பூசிட்டா லாரியில ஏத்திடலாம்."

"அண்ணே, நீங்க சாப்புட வந்தீங்களா, சரக்கு எடுக்க வந்தீங்களா?" என்று நீ கேட்டாய்.

"சாப்புடத்தான் வந்தேன். நீங்கதான் சூள போட்டு வெச்சிருக்கீங்க."

நீ அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாய். உன்னைப் பார்த்து நான், என்னைப் பார்த்து அவர். கடையில் ஒரு இட்லி இல்லை, பட்டினியாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் நீ மண்ணைத் தொடவில்லை. குப்பையை டிரம்மில் ஊறப் போட்டு, உனக்குத் தோன்றுகிற அன்று திறந்து கலந்தாய். கிழிப்பதும் பொறுக்குவதும் என் வேலை, கலப்பது உன் வேலை. எப்போது கலக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "அதுவே கூப்புடும்டி" என்பாய். பீற்றிக்கொள்கிறாய் என்று நினைத்து நான் மாவாட்டப் போய்விடுவேன். விறகு எரிந்தது, புகை அடங்கியது, இடத்துக்காரர் வெள்ளை வேட்டியோடு வந்து நம் கடையிலேயே இட்லி தின்றார்.

ஐப்பசி மழையில் வேப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாய். "போயிட்டு வரேன். டிரம்ம தொறந்து தொறந்து பாக்காதே" என்றாய். திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சீட்டுக்காரர் தோளில் சாய்ந்தாயாம். தூங்குகிறாய் என்று அவர் அசையாமல் உட்கார்ந்து வந்தாராம். விருத்தாசலம் வந்து எழுப்பியபோதுதான் தெரிந்ததாம். முகம் தெரியாத அந்த மனுஷனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உன்னை அவ்வளவு நினைப்பதில்லை.

உன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது எல்லாரும் ஜெபம் சொன்னார்கள். நான் மட்டும் கடையில் மூடாமல் விட்ட மாவு பொங்கி வழியுமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு ஸ்டெல்லா வீட்டைக் கூட்டினாள். மூலையில் குவித்த குப்பைக்கு முன்னால் நான் உட்கார்ந்து ஜரிகையைத் தனியாக, நூலைத் தனியாக, வாழைநாரைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்குச் செய்தது. ஸ்டெல்லா விளக்குமாற்றோடு நின்றுவிட்டாள்.

"சித்தி, அது அம்மாவுக்குப் போட்ட மாலை."

"ஆமா" என்றேன். அவள் குனிந்து என் மடியிலிருந்த பூவை அள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கடைய விட்டுடலாம் சித்தி. ஒத்த ஆளா நீங்க என்னா பண்ணுவீங்க? எங்கூட வந்து இருங்க."

நல்ல பெண். உன் வாய் இல்லை அவளுக்கு. அவள் வீட்டில் எனக்கு ஒரு கட்டிலும் இருக்கும், சோறும் இருக்கும். ஆனால் விடியற்காலை எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அது ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேறு எதற்கும் பயப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை. "கொஞ்ச நாள் பாக்குறேன்டி" என்றேன்.

நீ காயவைத்திருந்த கோப்பைகள் தீர்ந்தன. விறகு வாங்கி எரித்தேன். புகை மாடிக்குப் போனது. இடத்துக்காரர் இறங்கி வந்தார், இந்தத் தடவை வேட்டியைக் காட்டவில்லை. "அந்தம்மா இருந்தாங்க, சரி. இப்ப நீங்க ஒருத்தரு. தை பொறக்கட்டும், வேற ஆளுக்கு விட்டுடறேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதால்தான் அது நடக்கும் என்று தெரிந்தது.

நானே கலந்தேன். அன்று கிழித்த பேப்பரை அன்றே நனைத்து, ஒட்ட வேண்டுமே என்று வடிகஞ்சியைக் குடம் குடமாக ஊற்றிப் பிசைந்து அச்சில் அப்பினேன். வேலி ஓரம் காயப் போட்டுவிட்டு மாவு ஆட்டினேன். வந்து பார்த்தால் ஒரு வெள்ளாடு வரிசையாகத் தின்றுகொண்டு வருகிறது. கஞ்சி வாசனை அதை இழுத்துவிட்டது. நான் விரட்டவில்லை. நின்று பார்த்தேன். ஏகாம்பரம் அண்ணன்தான் ஓடி வந்து விரட்டினார்.

"அந்தத் தங்கச்சி சூள போட்டுது. நீ ஆட்டுக்கு விருந்து வெக்கறியா? மனுசனுக்கு எப்பத்தான் சோறு போடுவீங்க?"

நல்ல பேச்சு. நீ இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாய். நான் சிரிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்டெல்லாவிடம் போய்விடுவது. கடைசியாக டிரம் இருந்தது. நீ வேப்பூர் போகும் முன் ஊறப் போட்டது. கொட்டலாம் என்று மூடியைத் தூக்கினேன். அந்த நாற்றம் அடித்தது. எனக்கு அந்த நாற்றம் தெரியும். ஒருநாள் கூடுதலாகப் புளித்துப்போன இட்லி மாவைத் திறந்தால் மூக்கின் நுனியில் சுருக்கென்று ஏறுமே, அதற்கு அண்ணன் தம்பி மாதிரி. கையை விட்டேன். சருகு சருகாக இல்லை, பேப்பர் பேப்பராக இல்லை. எல்லாம் நெகிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. பிடித்தால் பிடியில் நின்றது. கஞ்சியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், புளிக்க விட்டால் போதும். புளிப்பு என் வேலை அல்லவா? மாவு எப்போது ஆயிற்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேனே. நீயும் சொல்லவில்லை, நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நாம் பேசியது எல்லாம் வேறு பேச்சு.

எல்லா அச்சிலும் அப்பினேன். ஆடு வந்து முகர்ந்துவிட்டுத் தும்மிக்கொண்டு போனது. மழை விட்டு வெயில் அடித்தது. காய்ந்தவற்றை அடுக்கிப் பற்றவைத்தபோது மாடியிலிருந்து இடத்துக்காரர் எட்டிப் பார்த்தார், புகையைக் காணாமல் உள்ளே போய்விட்டார். தை பிறந்தது. காலி செய்யச் சொல்லி அவர் வரவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. ஏகாம்பரம் அண்ணன் திரும்ப வந்து நாலு இட்லி தின்றுவிட்டு, கை கழுவும்போது "ம்" என்றார். மனசுக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. இட்லி வெந்தது.

நேற்று ஒரு லாரிக்காரர் வந்தார். பீங்கான் சரக்கு ஏற்ற எப்போதாவது வருகிறவர், பேர்கூடத் தெரியாது. இட்லியை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் நின்றே சாப்பிட்டார். குளிருக்குக் கையைக் காட்டிக்கொண்டார்.

"எங்க, அந்தம்மா இல்லியா?"

அவருக்குச் சொல்ல எனக்குச் சொல் இருந்தது. எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். வாயில் வேறு வந்தது.

"உள்ள இருக்குறாங்க."

"போன தடவ வந்தப்ப, இந்தக் கோப்ப எரியும், பொகையாதுன்னு பந்தயம் கட்டுனாங்க. நான் நம்பல. இப்பப் பாக்கறேன், நல்லாத்தான் எரியுது. ஜெயிச்சிட்டாங்கன்னு சொல்லிடுங்க."

"சொல்றேங்க" என்றேன்.

லாரி போய்விட்டது. நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் பார்க்கவில்லை. ஒருத்தர் நம்பிச் சொல்லி அனுப்பியதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் வழியில் வந்த பேச்சு.

அடுப்பு நல்லா எரியுதாம்டி. நீ ஜெயிச்சிட்டியாம்.