எட்டு அடுப்புப் பாட்டு

சென்னை,
4.2.1974

அன்புள்ள ஆச்சிக்கு,

தங்கை விசாலு எழுதுவது. முதல் இசைத்தட்டில் நான் பாடியது முழுக்க அடுத்தவர் எழுதிய நிலவும் மல்லிகையும். குரலைக் குழைக்கச் சொன்னார்கள், குழைத்தேன். இப்போது கேட்டால் கூசுகிறது. புதிய தட்டில் ஆறு பாட்டும் நானே எழுதி, கிதாரில் மெட்டமைத்தவை. குரலும் என்னுடையது, கரகரப்போடு.

ஆறாவது உன் பாட்டு. "ஒரே வீடு, எட்டு அடுப்பு, எட்டுப் பேரும் தனித்தனியாகப் புகையில் அழுகிறோம்" என்று பொங்கலுக்கு எழுதினாயே, அதுதான் பல்லவி. கல்யாணமான மகனுக்குத் தனி அடுப்புப் போட்டு வேறு வைப்பது எங்கள் வழக்கம் என்றதும் டிரம்ஸ் வாசிப்பவன் சிரித்தான். ஆனால் தாளத்தின் எட்டு அடிக்கு எட்டு அடுப்பு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இருபதாம் தேதி ஒலிப்பதிவு. சம்மதம்தானே?

உன் விசாலு

காரைக்குடி,
9.2.1974

விசாலாட்சிக்கு ஆசிகள்.

உன் கடிதத்தை அவர் படித்தார். மாமியாருக்கும் படித்துக் காட்டினார். "வீட்டு அடுப்பை ஊருக்குக் காட்டவா அங்குட்டுப் போயிருக்கா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் அழுவதாக எழுதியது என் தவறு. நலமாக இருக்கிறேன். பாட்டை நீக்கிவிடவும்.

இங்ஙனம்,
நாச்சியம்மை

சென்னை,
12.2.1974

ஆச்சி,

நீ என்னை ஒருநாளும் விசாலாட்சி என்று கூப்பிட்டதில்லை. அயித்தான் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாய்.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரரும் "சமையல்கட்டுப் பாட்டை யாரும்மா கேப்பாங்க?" என்று ஒரு காதல் பாட்டைக் கொடுத்தார். பாடிப் பார்த்தேன். குரல் தானாகக் குழைந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவருக்காக நீக்க மாட்டேன். அயித்தானுக்காகவும் மாட்டேன். ஆனால் அங்கே அடி வாங்கப்போவது நீ. நீ வேண்டாம் என்றால் நிறுத்துகிறேன். நீயாக எழுது.

விசாலு

காரைக்குடி,
16.2.1974

என் விசாலு,

பாடு. அவர் என்ன செய்வார் என்று தெரியும். செய்யட்டும்.

ஆனால் பாட்டில் ஒரு பிழை இருக்கிறது, என் பிழை. அடுப்பு எட்டு இல்லை, ஒன்பது. தாலியறுத்துத் திரும்பி வந்த நாத்தனார் மீனாளுக்குக் கொல்லைச் சுவரோரம் மூன்று கல்லை வைத்துக் கொடுத்தோம். இந்த வீட்டில் மகன்களின் அடுப்பைத்தான் எண்ணுவார்கள். உனக்கு எழுதியபோது நானும் அப்படியே எண்ணியிருக்கிறேன்.

நேற்று அவளிடம் பாட்டைச் சொன்னேன். ஊதிக்கொண்டிருந்த குழலைக் கீழே வைத்தாள். பிறகு, "என்னையும் எண்ணிப் பாடச் சொல்லுங்க" என்றாள். உன் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் என்னிடம் சேர்த்தவள் அவள். அரியக்குடிக் கோயிலுக்குப் போகிற வழியில் இதைத் தபாலில் போடப்போவதும் அவள்தான்.

ஒன்பது உன் தாளத்தில் உட்காராது. அந்த இடத்தில் தாளம் இடறட்டும். கேட்கிறவர்களுக்கும் இடறட்டும்.

நாச்சி